மலை மேல விதைப்பந்து வீசுறதை நிறுத்துங்க, கெஞ்சிக் கேக்குறேன்

இந்த வாரமும் ஒரு வாட்ஸ்அப் வீடியோ வந்திருக்கு. காலேஜ் பசங்க பஸ்ஸுல கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் போய், புல்வெளி நடுவுல வரிசையா நின்னு, ஒன் டூ த்ரீ சொல்லி மூட்டை மூட்டையா விதைப்பந்து வீசுறாங்க. "மொட்டை மலையைப் பசுமையாக்கும் இளைஞர்கள்"னு கீழ எழுதியிருக்கு. அனுப்பினவர் எனக்கு வேண்டப்பட்டவர்தான், சந்தோஷமா அனுப்பியிருக்கார். பசங்க மேல எனக்குத் துளி கோவம் கிடையாது, லீவு நாள்ல வெயில்ல நின்னு மண்ணு உருட்டியிருக்காங்க, நல்லது பண்றோம்னு முழு மனசோட நம்பியிருக்காங்க. என் கோவமெல்லாம் அவங்களைக் கூட்டிட்டுப் போன பெரியவங்க மேல. அந்த மலை எதுக்கு அப்படி இருக்குன்னு யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்காம போயிருக்காங்க. ஃபோன் போட்டு என்ன விதைன்னு கேட்டேன். புங்கன், வேம்பு, சரக்கொன்றை, சுபாபுல், அப்புறம் "கிடைச்சதெல்லாம் போட்டோம் சார்"னு பதில்.

நீலகிரி, பழனி மலைப் பக்கம் புல்வெளி மீட்பு வேலை பாக்குறவன் நான். வெளிநாட்டு மரம் பரவிப்போன சரிவுகள்ல திரும்பப் புல்லைக் கொண்டு வர்ற வேலை. புல்லுக்கு நர்சரி வச்சு, தூர் பிரிச்சு, பையில வளத்து நடுறோம்னு சொன்னா "புல்லையா நடுறீங்க, மரம் நட்டா புண்ணியமாச்சே"ன்னு கேக்காத ஆளே இல்ல. அதனால இன்னைக்குக் கொஞ்சம் விளக்கமாவே எழுதிடுறேன், இனிமே கேக்குறவங்களுக்கு இதையே அனுப்பலாம்.

முதல்ல, அந்த மலை மொட்டை இல்ல. ரோட்டுல நின்னு பாத்தா பச்சைப் போர்வை மாதிரி ஒரே சீராத்தான் தெரியும். சரிவுல இறங்கி மண்டி போட்டு உக்காந்து, ரெண்டு கையாலயும் புல்லை விலக்கிப் பாருங்க. ஒரு முழம் இடத்துக்குள்ளயே அஞ்சாறு வகைப் புல்லு நிக்கும், ஒண்ணு முரடா தூர் கட்டி, ஒண்ணு முடி மாதிரி மெலிசா. நடுவுல சின்னச் சின்னதா பூக்குற செடிங்க, மழைக்காலத்துல ரோஸ் கலர்ல தரையிலயே வளர்ற ஆர்கிட். ஓடை பக்கம் ஈரமான இடத்துல அழுகண்ணி இருக்கும், இலை பூரா சிவப்பு ரோமம், ஒவ்வொரு ரோமத்து நுனியிலயும் பசைத்துளி, அதுல ஒரு கொசு ஒட்டிக்கிட்டுக் காலை உதறிட்டிருக்கும். அந்த ஈர மண்ணுல நைட்ரஜன் ரொம்பக் கம்மி, அதுக்காகத்தான் அந்தச் செடி பூச்சி பிடிச்சுப் பிழைக்குது. இந்த நைட்ரஜன் விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும். புல் தூருக்கு அடியில, தரையிலயே, நெட்டைக்காலி கூடு வச்சிருக்கும். நீலகிரி நெட்டைக்காலின்னு ஒரு குருவி, உலகத்துலயே மேற்குத் தொடர்ச்சி மலையோட உச்சிப் புல்வெளிகள்ல மட்டும்தான் இருக்கு. விதைப்பந்து வீசுறதுக்காக நூறு பேர் நடந்தாங்களே, அந்தக் கூட்டுக்கு மேலதான் நடந்திருக்காங்க.

எனக்கு எரிச்சலூட்டுற நம்பிக்கை ஒண்ணு இருக்கு. "ஒரு காலத்துல இதெல்லாம் காடா இருந்துச்சு, வெட்டிட்டாங்க, மிச்சம்தான் இந்தப் புல்லு." இதை டீச்சர் சொல்றாங்க, பத்திரிகைக்காரர் எழுதுறார், ரெவின்யூ ரெக்கார்டுலயும் பல இடத்துல தரிசுன்னுதான் இருக்கு. தப்பு. முழுத் தப்பு.

ஊட்டி பக்கத்துல சாண்டிநல்லான்னு ஒரு இடம். அங்க பள்ளத்துல சதுப்பு மண்ணு அடுக்கு அடுக்கா படிஞ்சிருக்கு, செடி கொடி மக்கி மக்கிச் சேந்த மண்ணு. அதுல இருக்குற கார்பனைப் பரிசோதிச்சா அந்தந்தக் காலத்துல அங்க புல்லு அதிகமா இருந்துச்சா மரம் அதிகமா இருந்துச்சான்னு கண்டுபிடிக்கலாம், ஏன்னா வெப்ப மண்டலப் புல்லும் மரமும் கார்பனைப் பிடிக்கிற விதம் வேற. 1993ல வெளிவந்த ஆய்வு இது. 20 ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அந்த மலைல புல்வெளி இருந்திருக்கு, குளிரும் வறட்சியும் இருந்த காலத்துல புல்லு விரிஞ்சிருக்கு, மழை கூடின காலத்துல மரம் விரிஞ்சிருக்கு, திரும்பப் புல்லு விரிஞ்சிருக்கு. உலகத்துல விவசாயம்னு ஒண்ணு ஆரம்பிக்கிறதுக்கே முன்னாடி தொடங்கின கதை இது. யாரு கோடாலி எடுத்துட்டுப் போய் அப்ப வெட்டினாங்க?

மண்ணை விடுங்க, உயிரைப் பாருங்க. வரையாடு, நம்ம மாநில விலங்கு, புல்லையும் பாறையையும் நம்பியே வாழுது, அடர்ந்த காட்டுக்குள்ள அதுக்கு வேலையே இல்ல. 2025 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல மொத்தமே 1,303தான். 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூத்து, விதை விட்டு, மலையோட கூட்டமா செத்துப்போற நீலக்குறிஞ்சியும் இந்தத் திறந்த சரிவுச் செடிதான், 2006ல பூத்துச்சு, 2018ல பூத்துச்சு. நான் சொன்ன நெட்டைக்காலியும் அப்படித்தான். இந்த மாதிரி ஒரு இடத்துக்குன்னே ஆன உயிரினங்கள் உருவாக லட்சக்கணக்குல வருஷம் ஆகும். பிரிட்டிஷ்காரங்க வந்து 200 வருஷத்துல காட்டை வெட்டினதால உருவான புல்வெளில வரையாடு எப்படி வந்து சேரும்? அவங்க முதல்ல ஊட்டிக்கு வந்தப்போ வரைஞ்ச படங்கள்லயே மலை பூரா புல்லுதான், மடிப்புகள்ல மட்டும் சோலை, அதாவது குட்டை மரங்கள் அடர்ந்து நிக்கிற மலைக்காடு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்னு எனக்குத் தெரியல.

சரி, யாரும் வெட்டலன்னா மரம் ஏன் அங்க ஏறல? சோலை பக்கத்துலயே இருக்கு, பழம் தின்ன பறவை எச்சம் போட்டு விதை புல்வெளிக்கு வந்துட்டேதான் இருக்கு, மழைக்கு முளைக்கவும் செய்யுது. அப்புறம் டிசம்பர் வரும். மேகம் இல்லாத ராத்திரில புல்வெளிப் பள்ளத்துல குளிர் ஜீரோவுக்குக் கீழ இறங்கும், விடியும்போது புல்லு மேல உப்பு தூவினாப்ல உறைபனி நிக்கும். வெயில் வந்து அது கரைஞ்சதும் சோலை மரக்கன்னைப் போய்ப் பாருங்க, வெந்நீர் ஊத்தின கீரை மாதிரி இலை கறுத்துத் தொங்கிட்டிருக்கும். புல்லுக்கு ஒண்ணும் ஆகாது, மேல இருக்குற தாள் காயும், குருத்து தூருக்குள்ள பத்திரமா இருக்கும். சோலைக்குள்ள நிக்கிற கன்னுக்கும் ஒண்ணும் ஆகாது, மேல இருக்குற கூரை தரைச் சூட்டைப் போக விடாது. அதாவது சோலை இருந்தா அந்த நிழல்ல சோலைக் கன்னு பிழைக்குது, புல்லு இருந்தா அந்தக் குளிர்ல சோலைக் கன்னு சாகுது. ரெண்டும் தன் இடத்தைத் தானே காப்பாத்திக்குது, அதனாலதான் சோலையோட ஓரம் அவ்வளவு தெளிவா, கோடு போட்டாப்ல நிக்குது. ரெண்டுல எது உசத்தின்னு கேக்குறதே அபத்தம், ஒரே மலைல ரெண்டும் ஆயிரக்கணக்கான வருஷமா குடும்பம் நடத்துது.

பனியோட கூட தீயும் மேய்ச்சலும். தோடர்கள் தலைமுறை தலைமுறையா எருமை மேய்ச்சு, காலம் பாத்துப் புல்லைக் கொளுத்தி, கோயிலும் வீடும் வேய இந்த மலைப் புல்லையே அறுத்து வாழ்ந்தவங்க. எரிஞ்ச சரிவுல கொஞ்ச நாள்ல இளம்புல்லு கிளம்பும், மேயுற மிருகம் அதைத் தேடி வரும், அது மேய மேய முரட்டுப் புல்லு அடங்கி சின்னச் செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். நடுப் புல்வெளில தனியா நிக்குற காட்டுப்பூவரசைப் பாத்திருப்பீங்க, சிவப்பா கொத்துக் கொத்தா பூக்கும். தடிச்ச பட்டை, தீயும் தாங்கும் பனியும் தாங்கும், அதனால அது மட்டும் அங்க நிக்க முடியுது. இப்படி ஒவ்வொண்ணும் இன்னொண்ணோட பிணைஞ்சு கிடக்கு.

எங்க துறைல இதுக்கு ஒரு பழைய சோதனை சொல்வாங்க. அமெரிக்காவுல வாஷிங்டன் கடலோரத்துல ராபர்ட் பெயின்னு ஒரு விஞ்ஞானி 1960கள்ல ஒரு பாறைத் துண்டுல இருந்து நட்சத்திர மீனை மட்டும் எடுத்து எடுத்துக் கடல்ல எறிஞ்சார். வேற எதையும் தொடல. நட்சத்திர மீன் தின்னுட்டிருந்த சிப்பி கட்டுப்பாடு இல்லாம பரவி இடத்தைப் பூரா பிடிச்சிடுச்சு, 15 வகை உயிர் இருந்த பாறைல 8 வகைதான் மிச்சம். கீஸ்டோன் ஸ்பீஷீஸ், அதாவது அது போனா மத்ததெல்லாம் குலைஞ்சுபோற உயிரினம்ங்கிற வார்த்தை அந்த வேலைல இருந்து வந்ததுதான். ஏதோ ஒண்ணு தின்னுறதாலயோ எரியுறதாலயோ உறையுறதாலயோதான் பல இடங்கள்ல பல உயிரும் சேந்து வாழ முடியுது, அந்தத் தொல்லையை நிறுத்தினா ஒருத்தர் மட்டும் ஜெயிச்சிடுவார். தொல்லை அளவுக்கு மீறிப் போனாலும் நாசம்தான். நடு அளவு தொல்லைதான் எப்பவும் நல்லதுன்னு ஒரு கொள்கையும் உண்டு, ஆனா எல்லா இடத்துக்கும் அது பொருந்துறதில்ல, அந்தந்த மண்ணைப் பாத்துத்தான் சொல்லணும்.

இப்ப வாட்டிலுக்கு வர்றேன். நீலகிரில சீகை மரம்னு சொல்வாங்க. ஆஸ்திரேலிய மரம். 1800கள்ல விறகுக்குன்னு கொண்டு வந்தாங்க, சுதந்திரத்துக்கு அப்புறம் தோல் பதனிடுற பட்டைக்கும் காகிதக் கூழுக்கும்னு வனத்துறையே புல்வெளில பெரிய அளவுல நட்டுச்சு, கூடவே கற்பூர மரம் (யூக்கலிப்டஸைத்தான் இங்க அப்படிச் சொல்வாங்க), பைன். அன்னைக்கு அதுதான் முன்னேற்றம், நட்டவங்களும் நல்லதுன்னு நம்பித்தான் நட்டாங்க. இன்னைக்கு விதைப்பந்து வீசுறவங்களும் அதே நம்பிக்கையோடதான் வீசுறாங்க, அதனாலதான் எனக்கு இவ்வளவு பதட்டம்.

சீகை எப்படி ஜெயிச்சுதுன்னு பாருங்க. குளிர் பிரதேசத்துல இருந்து வந்ததால நம்ம உறைபனி அதை ஒண்ணும் பண்ணாது. ஒரே ராத்திரி, ஒரே பள்ளம், சோலைக் கன்னு கருகி நிக்கும், அடி தள்ளி சீகைக் கன்னு பச்சைப் பசேல்னு நிக்கும். ஆயிரக்கணக்கான வருஷமா மரத்தைத் தடுத்த காவல் இந்த ஒரு மரத்துக்கிட்ட வேலை செய்யல. அடுத்தது, அது வேர்ல நைட்ரஜனைச் சேத்து மண்ணையே மாத்திடுது, கம்மி நைட்ரஜன்ல வாழப் பழகின செடிகளுக்கு அங்க இடம் இல்ல, நிழல்ல புல்லும் செத்துப்போகுது. மூணாவது, விதை. ஓடு கெட்டி, மண்ணுக்குள்ள பத்து வருஷம் இருபது வருஷம் கூட சாகாம கிடக்கும், தீ பட்டா ஓடு வெடிச்சு ஒட்டுமொத்தமா முளைக்கும்.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு யோசிங்க, ஏன்னா நான் சொல்ல வந்ததே இதுதான். ரெண்டு சரிவு பக்கத்துல பக்கத்துல இருக்கு. ரெண்டுலயும் ஒரே மாசம் ஒரே தீ. ஒண்ணுல மண்ணுக்கடியில புல் தூர் மட்டும் இருக்கு, அடுத்த மழைல திரும்பப் புல்வெளி. இன்னொண்ணுல சீகை விதை காத்திட்டிருக்கு, அடுத்த மழைல கால் வைக்க இடம் இல்லாம சீகைக் கன்னு. அதனால தீ நல்லதா கெட்டதா, மேய்ச்சல் நல்லதா கெட்டதா, மரம் வெட்டுறது நல்லதா கெட்டதான்னு என்கிட்ட மொட்டையா கேக்காதீங்க. எப்போ நடந்துச்சு, எவ்வளவு கடுமையா, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை, அது முடிஞ்சதும் அந்த மண்ணுல எழுந்திருக்கக் காத்திட்டிருக்குறது யாரு. இது தெரியாம எந்த மலைலயும் கை வைக்கக் கூடாது, நீங்களும் சரி, நாங்களும் சரி.

பழனி மலைல 1970கள்ல இருந்து 40 வருஷத்துக்குள்ள புல்வெளில மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சுன்னு சாட்டிலைட் படங்களை வச்சுப் பாத்த ஆய்வு சொல்லுது. மேற்குத் தொடர்ச்சி மலை உச்சி முழுக்க சேத்தா 340 சதுர கிலோமீட்டர் கிட்ட. பெரும்பங்கு மரமாத்தான் மாறியிருக்கு. பச்சையா இருக்குறதால யாரு கண்ணுலயும் இது அழிவாவே படல.

தண்ணி கதையும் இதோட சேந்ததுதான். "மரம் இருந்தாத்தானே சார் மழை, மரம் இருந்தாத்தானே ஊத்து"ன்னு கேப்பாங்க. ஊட்டி பக்கத்துல கிளென்மார்கன்ல மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க பக்கத்துப் பக்கத்துல ரெண்டு நீர்ப்பிடிப்பை எடுத்து, ஒண்ணைப் புல்வெளியாவே விட்டு, ஒண்ணுல கற்பூர மரம் வச்சு வருஷக்கணக்கா ஓடைத் தண்ணியை அளந்தாங்க. முதல் சுழற்சிலயே, அதாவது நட்டு முதல் தடவை வெட்டுற வரைக்கும், மரம் வச்ச பக்கம் தண்ணி வரத்து 16 சதவீதம் குறைஞ்சுது, வெட்டித் துளிர்த்த ரெண்டாவது சுழற்சில இன்னும் அதிகமா குறைஞ்சுது. புல்லு மழைத்தண்ணியை மண்ணுக்குள்ள விட்டு, பள்ளத்துச் சதுப்புல சேத்து வச்சு, கோடைல கொஞ்சம் கொஞ்சமா விடும். நீங்க கீழ குடிக்கிற பவானித் தண்ணி, வைகைத் தண்ணில இந்தப் புல்வெளியோட பங்கும் இருக்கு.

இதைப் படிச்சிட்டு சிலர் உடனே எதிர்ப்பக்கம் ஓடுவாங்கன்னு எனக்குத் தெரியும். "அப்போ சீகையை எல்லாம் ஜேசிபி விட்டுப் பிடுங்கிடலாம் சார், ஃபண்டு ரெடி." வேண்டாம். ஜேசிபி மண்ணைப் புரட்டினா உள்ள தூங்கிட்டிருந்த விதை எல்லாம் வெளிச்சத்துக்கு வரும், ஒரு மரம் இருந்த இடத்துல நூறு கன்னு வரும், சரிவுல மேல்மண்ணு மழைல போயிடும். இன்னொரு விஷயம், சோலை ஓரத்துல நிக்குற பழைய சீகைத் தோப்புக்குள்ள போய்ப் பாத்தா பல இடத்துல அடியில சோலைக் கன்னு தானா வளந்திட்டிருக்கும், ஏன்னா சீகை நிழல் பனியைத் தடுக்குது. கொடைக்கானல் பக்கம் இதை நல்லாப் பாக்கலாம். அந்த இடத்துல மொத்தமா வெட்டினா வளர்ற சோலையை நாமே கொல்றோம். அங்க நடுவுல நடுவுல மட்டும் பட்டை உரிச்சு மெதுவா சாகவிட்டு, சோலைக்கு இடம் கொடுக்கணும். ஆனா புல்வெளிக்குள்ள புதுசா நுழையுற சீகையை விடவே கூடாது, கன்னா இருக்கும்போதே, மழை பெஞ்சு மண்ணு இளகியிருக்கும்போது வேரோட பிடுங்கணும், அடுத்த வருஷம் வந்து திரும்பப் பிடுங்கணும், அதுக்கடுத்த வருஷமும். ஒரு நாள் ஃபோட்டோவோட முடியுற வேலை இல்ல இது, அதனாலதான் இதுக்கு ஸ்பான்சர் கிடைக்கிறதில்ல.

தீயைப் பத்தி எழுதினதுனால ஒண்ணை அழுத்திச் சொல்லிடுறேன். யாரும் மலைல நெருப்பு வைக்காதீங்க. சிகரெட் துண்டு கூட போடாதீங்க. காஞ்ச புல்லுல தீ ஓடுற வேகத்துக்கு மனுஷனால ஓட முடியாது, அதுவும் மேட்டுப் பக்கம் முடியவே முடியாது. 2018 மார்ச்சுல குரங்கணில 23 உயிர் போச்சு. தீயை ஒரு கருவியா பயன்படுத்துறது காலம், காத்து, ஈரம் பாக்கத் தெரிஞ்சவங்க, அனுமதியோட, தீத்தடுப்புக் கோடு வெட்டி, ஆள் நிறுத்திச் செய்ய வேண்டிய வேலை.

சமவெளில இருக்குறவங்க இது மலைக்காரங்க பிரச்சினைன்னு நினைக்காதீங்க. கோடியக்கரை சரணாலயத்தை 1967ல அறிவிச்சதே முக்கியமா வெளிமானுக்காகத்தான், திறந்த புல்வெளில ஓடிப் பிழைக்கிற மிருகம் அது. அங்க சீமைக்கருவேலம் நுழைஞ்சுது, வறட்சில அந்தக் காயை மானும் தின்னுது, மாடும் தின்னுது, சாணத்தோட விதை நல்லா முளைக்குது, புல்வெளி சுருங்குது. உங்க ஊர் ஏரிக்கரை, மேய்ச்சல் புறம்போக்கு, செம்மண் பொட்டல்லயும் ஆள்காட்டியும் வானம்பாடியும் தரையிலதான் முட்டை வைக்குது. அங்க வரிசையா குழி தோண்டி மரம் வச்சா கூடும் போகும், மரம் வளந்தா காக்கா உக்கார இடமும் கிடைக்கும், மிச்ச முட்டையை அது பாத்துக்கும். ஆடு மாடு மேய்க்கிறவங்களுக்கு நிலம் போறது தனிக் கதை, அதைப் பத்தி இன்னொரு நாள் எழுதணும்.

இப்ப என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது.

மலைக்குப் போகும்போது விதைப்பந்து, விதை, கன்னு எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க. வேம்பும் புங்கனும் அந்தக் குளிருல பிழைக்காது, அதனால ஆபத்து இல்லன்னு நினைக்கலாம். நல்ல விதை செத்துப்போகும், பிழைக்கிற ஒண்ணு ரெண்டு எதுவோ அதுதான் ஆபத்து. உங்க உருண்டைல கலந்த மாட்டுச்சாணத்துலயே சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் இருக்கலாம், அதை யாரும் பாக்குறதில்ல. ஷூ, பேன்ட்டு மடிப்பு, டென்ட் எல்லாத்தையும் கிளம்புறதுக்கு முன்னாடி தட்டிட்டுப் போங்க. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையுறதே குற்றம், மரம் நடப் போனேன்னு சொன்னா அது சரியாகிடாது.

ஆசிரியர்கள்கிட்ட ஒரு தனி வேண்டுகோள். உங்க பசங்களுக்கு ஆர்வம் இருக்கு, அது பெரிய விஷயம், அதைக் கெடுக்க எனக்கு மனசே இல்ல. மரம் நடணும்னா பள்ளி வளாகம், ரோட்டோரம், வீட்டுத் தோட்டம், ஊருக்குள்ள வெட்டுப்பட்ட இடம்னு ஆயிரம் இடம் இருக்கு, அந்த மண்ணுக்கு ஏத்த மரமா பாத்து வைங்க, வச்சா ரெண்டு கோடை தண்ணி ஊத்துங்க. மலைக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்னா வனத்துறை அனுமதியோட சீகைக் கன்னு பிடுங்குற வேலைக்குக் கூட்டிட்டு வாங்க, ஸ்காட்ச் புரூம் மாதிரி புல்வெளில பரவுற வெளிநாட்டுப் புதர்களை அடையாளம் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுக்குறோம். இல்லன்னா சும்மா உக்கார வச்சு ஒரு மணி நேரம் புல்லைப் பாக்கச் சொல்லுங்க, நோட்டுல எழுதச் சொல்லுங்க, அதுவே போதும்.

கம்பெனிக்காரங்க, டார்கெட் வச்சுக்கிட்டு நிலம் தேடாதீங்க. "ஒரு லட்சம் மரம் நட இடம் காட்டுங்க"ன்னு கேட்டு வராதீங்க, "இந்த இடத்துக்கு என்ன தேவை"ன்னு கேட்டு வாங்க. பல இடத்துல பதில் ஒண்ணும் நட வேண்டாம்ங்கிறதாத்தான் இருக்கும், வருஷா வருஷம் களை பிடுங்க நாலு உள்ளூர் ஆளுக்குச் சம்பளம்ங்கிறதாத்தான் இருக்கும். அந்த ரிப்போர்ட்டுல போட மர எண்ணிக்கை இருக்காது. பரவாயில்லன்னா பேசலாம்.

டூரிஸ்ட்டுங்க, ஆழியாறு வால்பாறை ரோட்டு வளைவுல நிக்குற வரையாட்டுக்குச் சிப்ஸ் போடாதீங்க. ரோட்டுக்குப் பழகினா வண்டில அடிபட்டுத்தான் சாகும். 2030ல குறிஞ்சி பூக்கும்போது உள்ள இறங்கி மிதிச்சு செல்ஃபி எடுக்காதீங்க, ஒரு கொத்தைப் பறிச்சா அந்தச் செடி 12 வருஷம் சேத்த விதையைப் பறிக்கிறீங்க.

ஏற்கனவே வீசிட்டீங்களா? பயப்படாதீங்க, மறைக்கவும் மறைக்காதீங்க. எந்த இடம், எந்த நாள், என்னென்ன விதைன்னு எழுதி அந்த ஏரியா ரேஞ்ச் ஆபீஸ்ல கொடுங்க, ஃபோன்ல லொகேஷன் இருந்தா அதையும் சேத்துக் கொடுங்க. முளைச்சு நாலு இலை விடுறதுக்குள்ள போனா கையாலயே பிடுங்கிடலாம். ரெண்டு மழை தாண்டிட்டா கத்தி எடுக்கணும். இந்த வீடியோல இருக்குற காலேஜுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கேன், இடத்தை அனுப்புறோம்னு சொல்லியிருக்காங்க, இன்னும் வரல. மழை பெய்ய ஆரம்பிச்சிடுச்சு, சீக்கிரம் அனுப்புங்க.